நிறுத்தினால் என்ன மிஞ்சும்?

2019 அக்டோபர் தொடக்கத்தில், வெனிசுவேலாவில் அடோபி மென்பொருள்களை நம்பித் தொழில் செய்துகொண்டிருந்த வடிவமைப்பாளர்கள், பத்திரிகைக்காரர்கள், புகைப்படக்காரர்கள் எல்லோருக்கும் ஓர் அறிவிப்பு வந்தது. அமெரிக்க அதிபர் அந்த ஆகஸ்டில் பிறப்பித்த தடை ஆணைக்குக் கட்டுப்பட்டு அந்நாட்டுக் கணக்குகள் அனைத்தையும் முடக்கப்போகிறோம். கணக்கில் சேமித்து வைத்திருப்பதை 28-ஆம் தேதிக்குள் இறக்கிக்கொள்ளுங்கள் என்றது அந்த அறிவிப்பு. கட்டிய சந்தாவைத் திருப்பித் தர ஆணையில் இடமில்லை என்று முதலில் சொன்னார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் தருவதாகச் சொன்னார்கள். கெடு முடிகிற நேரத்தில் அமெரிக்க அரசின் சிறப்பு அனுமதி கிடைத்து, முடக்கம் கைவிடப்பட்டது. முடிவு நல்லபடியாகவே அமைந்தது. ஆனாலும் அந்த மூன்று வாரத்தில் ஒன்று பளிச்சென்று தெரிந்துபோனது. ஒழுங்காகப் பணம் கட்டிய, எந்தத் தப்பும் செய்யாத ஒருவருடைய தொழில் கருவி, எங்கோ கையெழுத்தான ஓர் ஆணையால் பறிபோகலாம். அதே நிறுவனத்தின் மென்பொருளை 2013-க்கு முன் பெட்டியோடு விலைக்கு வாங்கித் தன் கணினியில் ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தவரை அந்தக் கெடு தீண்ட வழியே இல்லை.

சந்தாவா, சொந்தமா என்று பேச்சு வந்தால் நாம் உடனே மாதக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறோம். மாதம் இவ்வளவு, வருஷத்துக்கு இவ்வளவு, மொத்தமாக வாங்கினால் போட்ட காசு எத்தனை வருஷத்தில் திரும்பும் என்று. அந்தக் கணக்கு தேவைதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: நான் நிறுத்துகிற அன்று, அல்லது அவர்கள் நிறுத்துகிற அன்று, என் கையில் என்ன மிஞ்சும்? பாட்டையும் படத்தையும் பொழுதுபோக்காகக் கேட்டுப் பார்த்து விட்டுவிடுகிறவருக்கு எதுவும் மிஞ்சாவிட்டால் குறையில்லை. தன் உழைப்பை ஒரு மென்பொருளுக்குள் போட்டு வைத்திருப்பவருக்கும், முழு விலை கொடுத்து ஒரு நூலையோ விளையாட்டையோ வாங்கியவருக்கும் ஒன்றுமே மிஞ்சாமல் போவது அநியாயம். சந்தா முறையை ஒழிக்கச் சொல்வது என் நோக்கமல்ல. எதை வாடகைக்கு எடுத்தோம், எது நம்முடையது என்ற எல்லைக்கோடு கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துவருகிறது. அதை மறுபடி போட வேண்டும் என்பதே என் வாதம்.

மென்பொருளில் இந்த மாற்றம் நடந்தது பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்குள்தான். அடோபி 2012-இல் சி.எஸ்.6 தொகுப்பை விலைக்கு விற்றது. 2013 மே மாதத்தில், இனி வரும் பதிப்புகள் சந்தாவுக்கு மட்டுமே என்று அறிவித்துவிட்டது. கட்டடப் பொறியாளர்களும் பாலிடெக்னிக் மாணவர்களும் அன்றாடம் புழங்கும் ஆட்டோகேட்டின் உரிமையாளரான ஆட்டோடெஸ்க், 2016-இல் நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் இன்றும் ஆபீஸ் 2024-ஐ ஒரே தடவை விலைக்கு விற்கிறது என்றாலும், முன்னால் எடுத்து நிறுத்துவது சந்தாவைத்தான். நிறுவனங்களின் பக்கம் இதற்குத் தெளிவான காரணம் உண்டு. பதிப்புப் பதிப்பாக விற்றால், ஒவ்வொரு புதுப் பதிப்பும் பழையதைவிட உருப்படியாக மேம்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் பழையதோடே இருந்துவிடுவார். சந்தாவில் அந்த நெருக்கடி தளர்கிறது. பணம் மாதா மாதம் சீராக வருகிறது, பங்கு முதலீட்டாளர்களுக்கும் அது பிடிக்கிறது. வாடிக்கையாளர் இழப்பது ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: ‘இந்தப் புதுசு எனக்கு வேண்டாம், இருக்கிறதே போதும்’ என்று சொல்லும் வசதி.

அந்த வசதியின் மதிப்பைத் தமிழ்ப் பதிப்புத் தொழிலைப் போல அறிந்தவர்கள் குறைவு. பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7, 2001-இல் வந்தது. அதற்குப் பின் பத்தாண்டுக்கு மேலாகியும் எத்தனையோ ஊர்களில் டி.டி.பி. கடைகள் அதை விடவில்லை. கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், கவிதைத் தொகுப்பு, பள்ளி ஆண்டுமலர் எல்லாம் அதிலேயே பக்கமாயின. பலரிடம் இருந்தது திருட்டுப் பிரதி என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் அடுத்து வருகிறது. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தமிழ் எழுத்துகளைத் தன் இஷ்டப்படி வரிசைப்படுத்திய காலத்தில் அதில் அடிக்கப்பட்ட நூல்களை இன்று மறுபதிப்புச் செய்ய வேண்டுமென்றால், பழைய கோப்பைத் திறந்து, உரையை வெளியே எடுத்து, யூனிகோடுக்கு மாற்றும் நிரலில் கொடுத்து, புள்ளியும் கொம்பும் இடம் மாறிய இடங்களை மெய்ப்புப் பார்த்துத் திருத்த வேண்டும். முதல் படியே பேஜ்மேக்கர் திறப்பதுதான். அதற்காகவே ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியை மூலையில் விட்டுவைக்கிறவர்கள் உண்டு. வரிசை எண்ணைக் கொடுத்து ஒரு தடவை நிறுவிவிட்டால் போதும். அந்த மென்பொருள் யாரிடமும் அனுமதி கேட்காமல் இன்னும் ஓடுகிறது. தயாரித்த நிறுவனம் கைகழுவிய பின்னும், அதனால் செய்த வேலை செய்தவர் கையில் இருக்கிறது.

இன்று அதே வேலையைச் சந்தா கட்டி அடோபியின் இன்டிசைனில் செய்கிற பதிப்பாளரின் நிலைமையைப் பாருங்கள். முன்னூறு பக்க நாவல் ஒன்றை மாதக்கணக்கில் வடிவமைத்து அச்சுக்கு அனுப்புகிறார். இரண்டு ஆண்டு கழித்து இரண்டாம் பதிப்புக்காக நான்கு இடத்தில் எழுத்துப்பிழை திருத்த வேண்டும். இடையில் வியாபாரம் மந்தமாகிச் சந்தாவை நிறுத்தியிருந்தால், கோப்பு அவர் கணினியில்தான் இருக்கும், ஆனால் திறக்காது. நாலு எழுத்தைத் திருத்த மறுபடி சந்தாவில் சேர வேண்டும். உழைப்பு அவருடையது, உரை எழுத்தாளருடையது, கணினியும் மின்சாரமும் அவர் காசு. சாவி மட்டும் வேறொருவரிடம். எல்லா மென்பொருளும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆட்டோகேட் வரைபடங்களைத் திறந்து பார்க்க மட்டுமாவது இலவச நிரலை அந்த நிறுவனமே தருகிறது. வேர்டு கோப்புகளை லிப்ரே ஆபீஸ் திறந்துவிடும். பூட்டின் இறுக்கம் கோப்பு வடிவத்தைப் பொறுத்தது. அதனால்தான் ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது மாத வாடகையைவிட, அதிலிருந்து நம் வேலையை எந்த வடிவத்தில் வெளியே எடுக்க முடியும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்கிறேன்.

நூல், படம், விளையாட்டு ஆகியவற்றின் பக்கம் வந்தால் சிக்கல் வேறு விதம். இங்கே சந்தாவைவிட மோசமானது, விற்பனை என்ற பெயரில் நடக்கும் வாடகை. மைக்ரோசாஃப்ட் 2019 ஏப்ரலில் தன் மின்னூல் கடையை மூடியது. ஜூலையில், காசு கொடுத்து வாங்கிய நூல்கள் எல்லாம் திறக்காமல் போயின. பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்தார்கள். நூல் ஓரத்தில் குறிப்பெழுதியவர்களுக்குக் கூடுதலாக 25 டாலரும் தந்தார்கள். குறிப்புகள் போனது போனதுதான். 2023 டிசம்பரில் சோனி, தன் பிளேஸ்டேஷன் கடையில் டிஸ்கவரி நிகழ்ச்சிகளை விலைக்கு வாங்கியவர்களிடம், அவை மாதக் கடைசியில் அவர்கள் கணக்கிலிருந்து நீங்கிவிடும் என்றது. கண்டனம் வலுத்த பின் புது உடன்பாடு செய்து முடிவை மாற்றிக்கொண்டது. 2014-இல் வெளிவந்த ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வர்களை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-இல் நிறுத்தியது. தனியாக உட்கார்ந்து ஆடும் பகுதிக்கும் அந்தச் சர்வர் தேவைப்படும்படி அதைக் கட்டியிருந்ததால், கடையில் டிஸ்க் வாங்கியவருக்கும் அது வெறும் தட்டாகிப்போனது. நெட்ஃபிளிக்ஸ் போன்ற சந்தாவில் ஒரு படம் வரும், போகும். அது தெரிந்துதான் சேர்கிறோம். வீட்டை வாடகைக்கு விடலாம், ஒத்திக்கு விடலாம், கிரயம் செய்து கொடுக்கலாம். மூன்றுக்கும் மூன்று பத்திரம் உண்டு, வாடகை ஒப்பந்தத்துக்குக் கிரயப் பத்திரம் என்று தலைப்புப் போட எந்தப் பதிவு அலுவலகமும் விடாது. மின்கடைகளில் அந்தத் தலைப்பை யாரும் சரிபார்ப்பதில்லை.

சட்டம் இந்த இடத்தில் எப்படி நழுவியது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பதிப்புரிமை எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் உரியது. ஆனால் அச்சான ஒரு பிரதியைக் காசு கொடுத்து வாங்கிவிட்டால், அந்தப் பிரதியை மறுபடி விற்கவோ இரவல் கொடுக்கவோ வாங்கியவருக்கு உரிமை உண்டு என்பது உலகம் முழுக்க வேரூன்றிய கொள்கை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908-இல் பாப்ஸ்-மெரில் வழக்கில் இதை நிலைநாட்டியது. நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும், பிரதிகளை மக்களிடம் வெளியிடும் உரிமை ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் பிரதிகளுக்குப் பொருந்தாது என்கிறது. திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதைக் கடைகளும், 1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டின் பழைய புத்தக வியாபாரமும் இந்த ஒரு விலக்கின் நிழலில் வாழ்ந்தவை. மின்பிரதிக்கு இது செல்லுமா என்று கேட்டபோது நீதிமன்றங்கள் பின்வாங்கின. வாங்கிய பாட்டுக் கோப்புகளை மறுவிற்பனை செய்ய முயன்ற ரீடிஜி நிறுவனம் அமெரிக்காவில் 2013-இலும் மேல்முறையீட்டில் 2018-இலும் தோற்றது. ஐரோப்பிய நீதிமன்றம் 2012-இல், நிரந்தர உரிமத்தோடு வாங்கிய மென்பொருளை மறுவிற்பனை செய்யலாம் என்று ஆரக்கிளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 2019-இல் மின்னூலுக்கு அந்தச் சலுகை இல்லை என்றது. நம் உச்ச நீதிமன்றமோ 2004-இல், டாடா கன்சல்டன்சி வழக்கில், டிஸ்கில் விற்கப்படும் ஆயத்த மென்பொருள் ‘சரக்கு’தான், விற்பனை வரி கட்ட வேண்டும் என்று சொன்னது. வரி வாங்கும்போது சரக்கு என்று கொண்டால், வாங்கியவருக்கும் சரக்கின்மேல் உள்ள உரிமையில் கொஞ்சமாவது இருக்க வேண்டாமா? இந்தக் கேள்விக்கு விடை கிடைப்பதற்குள் டிஸ்கே ஒழிந்துவிட்டது.

சந்தாவுக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் பலமானது விலை. போட்டோஷாப் சி.எஸ்.6-இன் விலை 699 டாலர். மதுரையிலோ மட்டக்களப்பிலோ ஒரு ஸ்டூடியோக்காரர் அதை நேர்மையாக வாங்கியிருக்க முடியுமா? முடியாது என்பதால்தான் திருட்டுப் பிரதிகள் பெருகின. இன்று மாதச் சந்தா கட்டிச் சட்டப்படி வேலை செய்ய முடிகிறது. இசையில் இந்த வாதம் இன்னும் உறுதியாக நிற்கும். எம்.பி.3 சிடிக்களைத் தெருவில் கூவி விற்ற காலத்தில் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிய உலக இசைத்துறையின் வருவாய், ஸ்ட்ரீமிங் வந்த பின்தான் நிமிர்ந்தது; இப்போது பதிவிசை வருவாயில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அதிலிருந்துதான் வருகிறது. இதை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். கையில் மொத்தப் பணம் இல்லாதவருக்கும், ஒரு மாத வேலைக்கு மட்டும் ஒரு கருவி தேவைப்படுகிறவருக்கும் வாடகை பெரிய உதவி. ஆனால் நுழையும் விலை குறைவு என்பது ஒன்று, தங்கும் விலை குறைவு என்பது இன்னொன்று. வெளியேறினால் எல்லாம் போய்விடும் என்ற நிலையில் இருப்பவரிடம் விலையை ஏற்றுவது எளிது. ஆஸ்திரேலியாவில் மைக்ரோசாஃப்ட் 365 தனிநபர் சந்தா 109 டாலரிலிருந்து 159 டாலருக்கு, அதாவது 45 விழுக்காடு, ஏறியது. கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு வசதியைச் சேர்த்ததற்காக. அது வேண்டாதவர்கள் பழைய விலையிலேயே தொடர ஒரு திட்டம் இருந்தது. வாடிக்கையாளருக்கு அனுப்பிய கடிதங்களில் அது இல்லை; சந்தாவை ரத்துசெய்யப் போகிற வழியில் மட்டுமே கண்ணில் பட்டது என்று குற்றஞ்சாட்டி, அந்நாட்டுப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் நீதிமன்றம் சென்றது. சுமார் 27 லட்சம் பேர் சம்பந்தப்பட்ட வழக்கு. அடோபியின் மேல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2024 ஜூனில் போட்ட வழக்கும் வெளியேறும் வாசலைப் பற்றியதுதான்: மாதத் தவணையில் கட்டும் ஆண்டுச் சந்தாவை நடுவில் நிறுத்தினால் மீதித் தொகையில் பாதியை அபராதமாகக் கட்ட வேண்டும் என்பதைச் சிறிய எழுத்தில் மறைத்தார்கள் என்று.

அடுத்த வாதம் பராமரிப்பு. மென்பொருள் என்பது ஒருமுறை செய்து முடிக்கிற பொருளல்ல. பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், சட்டம் மாறினால் கணக்கு மென்பொருளும் மாற வேண்டும், அதற்கு ஆள் சம்பளம் தொடர்ந்து ஆகிறது, அதைத் தொடர்ந்து தருகிறவர்தானே தாங்க வேண்டும் என்கிறார்கள். நியாயம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அதற்கு முந்தைய கணக்கு மென்பொருளை மட்டும் வைத்துக்கொண்டு எந்த மளிகைக் கடையும் ரிட்டர்ன் போட்டிருக்க முடியாது. இதே உதாரணம்தான் மறுபக்கத்தையும் காட்டுகிறது. நம் ஊர்க் கடைகளிலும் ஆடிட்டர் அலுவலகங்களிலும் பரவியிருக்கும் டேலி, நிரந்தர உரிமத்தை விலைக்கு விற்கிறது. புதிய பதிப்புக்கும் கூடுதல் சேவைக்கும் தனியாக ஆண்டுக் கட்டணம் வாங்குகிறது. அந்தக் கட்டணத்தைப் புதுப்பிக்காவிட்டால் மேம்பாடு நிற்கும். இருக்கும் பதிப்பும் பத்து வருஷக் கணக்கும் நிற்காது, பில் போடலாம், பேரேடு பார்க்கலாம். நிரலாளர்களுக்கான கருவிகள் செய்யும் ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் 2015-இல் சந்தாவுக்கு மாறப்போவதாக அறிவித்து, வாடிக்கையாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பின் ஒரு வழி கண்டது: பன்னிரண்டு மாதம் தொடர்ந்து சந்தா கட்டியவர் நிறுத்தினால், அந்தச் சந்தா தொடங்கியபோது இருந்த பதிப்பு என்றென்றைக்கும் அவருடையது. பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்பதும், நிறுத்தியவர் வெறுங்கையோடு போகக்கூடாது என்பதும் ஒன்றுக்கொன்று பகையில்லை என்பதற்கு இந்த இரண்டு நிறுவனங்களும் நடைமுறைச் சான்று.

சர்வரில் ஓடுவதற்கும் நம் கணினியில் ஓடுவதற்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மின்னஞ்சல் சேமிப்பு, வரைபடச் சேவை, ஸ்ட்ரீமிங் போன்றவற்றுக்கு ஒவ்வொரு நாளும் மின்சாரமும் இயந்திரமும் செலவாகின்றன. அதற்கு மாத வாடகை கேட்பதில் தவறே இல்லை. நம் வீட்டு இயந்திரத்தில், நம் மின்சாரத்தில் ஓடுகிற ஒரு படத்திருத்தி மாதம் ஒருமுறை தலைமையகத்திடம் உத்தரவு கேட்க வேண்டிய அவசியம் பொறியியலால் வந்ததல்ல. அது ஒரு வணிகத் தீர்மானம். வணிகத் தீர்மானத்தைத் தொழில்நுட்பத்தின் இயல்பு என்று நம்பவைப்பதுதான் இந்த விவாதத்தில் அடிக்கடி நடக்கிறது.

இன்னொரு மறுப்பு உண்டு. அதற்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். ஒரு நாவலை எத்தனை தடவை படிக்கப்போகிறோம், ஒரு படத்தை எத்தனை தடவை பார்க்கப்போகிறோம், எதற்குச் சேர்த்து வைத்து இடத்தை அடைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். தனி ஒருவரின் கணக்கில் இது சரியாகவே இருக்கலாம். ஒரு மொழியின் கணக்கில் சரியில்லை. காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகங்களையும் இதழ்களையும் தேடித் தேடி வாங்கினார். நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் என்று மற்றவர்கள் கசக்கிப் போட்டதையும் விடவில்லை. 1992-இல் அவர் காலமான பின் அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே ஓர் ஆய்வு நூலகமாக நிலைபெறச் செய்தது. தொகுப்பில் இருந்தவை ஒரு லட்சத்துக்கும் மேல். பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சுலகத்தைப் பற்றி ஆராய்கிறவர்கள் இன்று போய் நிற்கும் வாசல் அது. அரசு செய்ததல்ல, பதிப்பாளர்கள் செய்ததல்ல. பதிப்பகங்கள் மூடிய பிறகும், ஆசிரியர்கள் மறைந்த பிறகும், அச்சான பிரதிகள் யார் யார் வீட்டுப் பரணிலோ கிடந்ததாலும், அவற்றை ஒருவர் விலைக்கு வாங்க முடிந்ததாலும் நடந்தது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்குப் பிரதிகள் பல கைகளில் இருப்பதன் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து எல்லோருக்கும் இலவசமாக வைத்ததும், 2005 முதல் நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வருடி வருவதும், யாரோ வைத்திருந்த பிரதியைக் கையில் எடுக்க முடிந்ததால்தான்.

மின்வடிவில் மட்டும் வெளியாகும் தமிழ் எழுத்துக்கு இப்படி ஒரு ரோஜா முத்தையா வர முடியுமா? 2016 டிசம்பரில் கிண்டில் பதிப்பிப்பில் தமிழ் சேர்ந்தது நம் எழுத்தாளர்களுக்குப் பெரிய கதவு திறந்த நாள். பதிப்பாளர் கிடைக்காத கையெழுத்துப் பிரதிகள் எத்தனையோ வாசகரை அடைந்தன. அதன் நன்மையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கிண்டில் அன்லிமிடெட் சந்தாவில் நூலைச் சேர்க்கும் திட்டத்தில் நுழையும் ஆசிரியர், அந்த மின்னூலைத் தொண்ணூறு நாள் தவணைக்கு வேறெங்கும் வெளியிடக் கூடாது. படிக்கிறவர் சந்தாவை நிறுத்தியதும் நூல் திரும்பிவிடும். விலைக்கு வாங்கியவர்கூடத் தன் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ள இருந்த வழியை அமேசான் 2025 பிப்ரவரி 26-இல் மூடிவிட்டது. வாசகர் கையில் பிரதி இல்லை. பழைய புத்தகக் கடைக்கு அது வராது. 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி அச்சு நூல்கள் கன்னிமாரா நூலகத்துக்குப் போய்ச் சேர்கின்றன. அந்தச் சட்டம் அச்சை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நாளை ஆசிரியரின் கணக்கு முடங்கினாலோ, அந்தக் கடையே தமிழை விட்டு விலகினாலோ, அந்த நூல் எங்கே தேடினால் கிடைக்கும்? படங்களிலும் இதே கதிதான். 2022 நவம்பர் கடைசியில் தொடங்கிய ‘வில்லோ’ தொடரை டிஸ்னி பிளஸ் 2023 மே மாதமே தன் தளத்திலிருந்து எடுத்தது. அப்போது அது டிஸ்காகவும் வெளிவந்திருக்கவில்லை. ‘அன்னபூரணி’ 2023 டிசம்பர் 29-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது, புகார்கள் எழுந்ததும் இரண்டு வாரத்துக்குள் நீக்கப்பட்டது. படத்தின்மேல் வந்த புகார் நியாயமா இல்லையா என்பது தனி விவாதம். அந்த விவாதத்தில் கலந்துகொள்ள நினைத்தவருக்கும் அங்கே படம் இல்லை.

நடைமுறையில் என்ன செய்யலாம்? சில கதவுகள் ஏற்கெனவே திறந்திருக்கின்றன. 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து சந்தா தானாகக் கழியும் முன் 24 மணி நேரத்துக்கு முன்னதாக வங்கி தகவல் அனுப்ப வேண்டும், அந்தத் தகவலிலேயே விலகும் வழியும் இருக்க வேண்டும். வேறு பல நாடுகளின் வாடிக்கையாளருக்கு இல்லாத பாதுகாப்பு இது. அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணைய வணிகத்தில் ஏமாற்று வடிவமைப்புகள் என்று 13 வகைகளைப் பட்டியலிட்டது. சந்தாவில் சேர்ப்பதை எளிதாக்கி விலகுவதைக் கடினமாக்குவது அதில் ஒன்று. சொந்த வேலையைப் பொறுத்தவரை, முடித்த ஒவ்வொரு கோப்பையும் பொது வடிவம் ஒன்றிலும் சேமித்து வைப்பது சின்ன வேலை. கட்டற்ற மென்பொருள் போதுமான இடத்தில் அதைக் கொண்டே செய்யலாம். கேரளப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகக் கணினிப் பாடம் கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது, பிள்ளைகள் எதையும் இழந்துவிடவில்லை.

இல்லாதது, விற்பனைப் பொத்தானைப் பற்றிய விதி. கலிஃபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் கொண்டுவந்துள்ளது: திரும்பப் பெறக்கூடிய உரிமத்தை மட்டும் கொடுத்துவிட்டு ‘வாங்குங்கள்’ என்று எழுதக்கூடாது, எழுதினால், இது உரிமம் மட்டுமே என்பதை வாங்குபவர் கண்ணில் படும்படி தெளிவாகச் சொல்ல வேண்டும். நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ளும்படி விற்றால் இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஐரோப்பாவில், விற்ற விளையாட்டைச் செயலிழக்க வைக்காதீர்கள் என்று கோரும் குடிமக்கள் மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சம் கையெழுத்துக்கு மேல் சேர்ந்தது. நம் நாட்டில் புதுச் சட்டம்கூடத் தேவைப்படாது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் டிஜிட்டல் பொருள்களுக்கும் பொருந்தும் என்று அவற்றின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அவற்றில் இரண்டு வரி சேர்த்தால் போதும். இது சொந்தமா, உரிமமா, எத்தனை நாளைக்கு என்பதை விலைக்குப் பக்கத்தில், விலை இருக்கும் அதே அளவு எழுத்தில், மாநில மொழியிலும் காட்ட வேண்டும் என்பது ஒன்று. விற்றதைத் திரும்ப எடுத்துக்கொண்டால், எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும் முழு விலையைத் திருப்பித் தர வேண்டும் என்பது மற்றொன்று. பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் நூலகங்களுக்கும் அரசே சந்தா வாங்கும் டெண்டர்களில் இதைவிட ஒரு படி மேலே போகலாம்: ஒப்பந்தம் முடிந்தாலும் அதுவரை செய்த கோப்புகளையும் பெற்ற இதழ்களையும் திறந்து படிக்க முடிய வேண்டும் என்ற நிபந்தனை இல்லாத விலைப்புள்ளியை ஏற்க வேண்டாம். மொத்தமாக வாங்குகிற கையிடம் பேரம் பேசும் வலு இருக்கிறது, அதைப் பயன்படுத்த எந்த நாடாளுமன்றத்தின் ஒப்புதலும் வேண்டியதில்லை.